ஃப்ளோரிடா ஸ்டேட்டா, அலபாமாவா: 2023-இன் நான்காவது இடம்

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலைத் தொடர்ந்து பார்க்கிறவர்களிடம் 2023 டிசம்பர் 3 பற்றிப் பேச்செடுத்தால் இன்றைக்கும் குரல் உயர்ந்துவிடும். அன்று ஞாயிற்றுக்கிழமை. டெக்சாஸ் மாநிலத்தில் கிரேப்வைன் என்ற ஊரில், ஒரு ஹோட்டல் அறையில் கூடிய 13 பேர் கமிட்டி நாட்டின் முதல் நான்கு அணிகளைத் தேர்ந்தெடுத்தது. கோப்பையை முடிவு செய்யும் பிளேஆஃப் ஆட்டங்கள் அந்த நான்குக்கு மட்டும்தான். ஐந்தாவதாக நின்ற அணிக்குக் கோப்பைக் கனவு அந்த மதியத்தோடு முடிந்துபோனது. அந்த ஐந்தாவது அணி, 13 ஆட்டம் ஆடி 13-லும் ஜெயித்த ஃப்ளோரிடா ஸ்டேட்.

பெரிய கான்ஃபரன்ஸ் (பல கல்லூரி அணிகள் சேர்ந்து ஆடும் லீக்) ஒன்றில் தோல்வியே இல்லாமல் சாம்பியன் ஆன அணியை வெளியே நிறுத்தியது அதுவே முதல் முறை. நான்கு அணி பிளேஆஃப் 2014-இல் தொடங்கி பத்து சீசன் நடந்தது. அந்தப் பத்தாவது, கடைசி சீசனில்தான் இது நடந்தது.

கமிட்டியின் கையில் அன்று என்னென்ன வழிகள் இருந்தன, ஒவ்வொன்றிலும் என்ன கிடைத்திருக்கும், எதை இழந்திருப்போம் என்று எடுத்துவைத்துப் பார்க்கவே இதை எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஃப்ளோரிடா ஸ்டேட்டை எடுத்திருப்பேன். அந்த அணியின் டிஃபென்ஸ், அதாவது எதிரணியைத் தடுக்க இறங்குகிற வீரர்கள்தான் அதற்குக் காரணம். ஆனால் அலபாமா பக்கமும் நியாயம் இருக்கிறது, அதுவும் லேசான நியாயம் இல்லை. அதைத் தள்ளிவிட்டு எழுதினால் இந்த ஒப்பீட்டுக்கே அர்த்தம் கிடையாது.

இந்த விளையாட்டுக்குப் புதிதானவர்களுக்குக் கொஞ்சம். மேல்மட்டத்தில் மட்டும் 130-க்கும் அதிகமான கல்லூரி அணிகள் ஆடுகின்றன. ஒவ்வொன்றுக்கும் வருடத்தில் 12 ஆட்டம், கான்ஃபரன்ஸ் இறுதிக்குப் போனால் 13. இவ்வளவு அணிகள் ஒன்றோடொன்று மோத முடியாது. அதனால் வெறும் வெற்றி தோல்விக் கணக்கை வைத்து யார் மேலே, யார் கீழே என்று சொல்ல முடியாது. யாரோ உட்கார்ந்து, பார்த்து, எடைபோட்டு வரிசைப்படுத்தத்தான் வேண்டியிருக்கிறது. அப்போது ஐந்து பெரிய கான்ஃபரன்ஸ்கள் இருந்தன. பிளேஆஃபுக்கு நான்கே இடம். பெரும்பாலான வருடங்களில் ஏதாவது ஒரு கான்ஃபரன்ஸின் சாம்பியன் இரண்டு ஆட்டம் தோற்றிருக்கும், கமிட்டிக்கும் வேலை சுலபமாகிவிடும். 2023-இல் அப்படி அமையவில்லை. மிச்சிகன் 13-0, வாஷிங்டன் 13-0, ஃப்ளோரிடா ஸ்டேட் 13-0, டெக்சாஸ் 12-1, அலபாமா 12-1. ஐந்து பேரும் சாம்பியன்கள். நான்கு நாற்காலிக்கு ஐந்து பேர்.

முதல் இரண்டு நாற்காலியில் யாருக்கும் சந்தேகம் இல்லை. மிச்சிகன் நவம்பர் 25 அன்று ஓஹாயோ ஸ்டேட்டை 30-24 என்று வென்றது, அடுத்த வாரம் அயோவாவை 26-0 என்று நசுக்கியது. வாஷிங்டன் ஒரே சீசனில் ஆரெகனை இரண்டு முறை, இரண்டு முறையும் மூன்றே புள்ளி வித்தியாசத்தில் வீழ்த்தியது. இவர்களை விட்டுவிடலாம்.

ஜார்ஜியாவையும் சீக்கிரம் முடித்துவிடலாம். 2021, 2022 இரண்டு வருடமும் கோப்பை அவர்களுடையது. தொடர்ந்து 29 ஆட்டம் ஜெயித்து, முதலிடத்தில் நின்றபடிதான், தாங்களும் அலபாமாவும் ஆடுகிற எஸ்இசி கான்ஃபரன்ஸின் இறுதிக்கு வந்தார்கள். அங்கே அலபாமாவிடம் 27-24 என்று தோற்றார்கள். வெறுமனே யார் நல்ல அணி என்று கேட்டால் ஜார்ஜியாவை நான்குக்குள் வைப்பவர்கள் இன்றைக்கும் உண்டு, நானும் மறுக்க மாட்டேன். ஆனால் ஐந்து சாம்பியன்கள் வாசலில் காத்திருக்கும்போது சாம்பியன் ஆகாத அணியை உள்ளே கூப்பிட்டால், கான்ஃபரன்ஸ் இறுதி என்று ஒன்றை நடத்துவதே வீண். கமிட்டி ஜார்ஜியாவை ஆறாவது இடத்தில் வைத்தது, அது சரிதான்.

ஆக, மிச்சம் இரண்டு நாற்காலி, மூன்று அணி. ஜோடியாகப் பார்த்தால் மூன்றே வழி. டெக்சாஸும் அலபாமாவும், இதுதான் நடந்தது. அலபாமாவும் ஃப்ளோரிடா ஸ்டேட்டும். அல்லது டெக்சாஸும் ஃப்ளோரிடா ஸ்டேட்டும்.

நடுவில் சொன்ன வழி யோசிக்கும்போதே அடைபட்டுவிடுகிறது. செப்டம்பர் 9 அன்று டெக்சாஸ் நேராக அலபாமாவின் சொந்த ஊரான டஸ்கலூசாவுக்கே போய், அவர்களுடைய மைதானத்தில் 34-24 என்று ஜெயித்துவிட்டு வந்தது. இரண்டு அணிக்கும் ஆளுக்கொரு தோல்வி, இரண்டும் சாம்பியன், நேருக்கு நேர் மோதியதில் ஒன்று ஜெயித்திருக்கிறது. அப்படியிருக்கத் தோற்றவரை உள்ளே வைத்து ஜெயித்தவரை வெளியே நிறுத்தினால் எந்த வாதமும் எடுபடாது. செப்டம்பர் அலபாமா வேறு, டிசம்பர் அலபாமா வேறு என்று சொல்பவர்கள் உண்டு. அது உண்மையும்கூட. ஆனால் டெக்சாஸும் டிசம்பரில் ஒக்லஹோமா ஸ்டேட்டை 49-21 என்று அடித்துத் துவைத்தது. நாளாக நாளாக வளர்ந்தது அலபாமா மட்டும் இல்லையே.

டெக்சாஸின் டிஃபென்ஸைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். நடு வரிசையில் இரண்டு பேர்: டிவாண்ட்ரே ஸ்வெட், பைரன் மர்ஃபி. ஸ்வெட் 160 கிலோவுக்கு மேல் எடை. அந்த வருடம் நாட்டின் சிறந்த உள்வரிசை வீரருக்கான அவுட்லேண்ட் விருது அவருக்குத்தான். இந்த இருவரும் நடுவில் நின்றால் எதிரணி பந்தைத் தூக்கிக்கொண்டு நேராக ஓட வழியே கிடையாது, பக்கவாட்டில்தான் போக வேண்டும். அக்டோபரில் டெக்சாஸின் முதல் குவார்ட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்) குவின் யூவர்ஸ் அடிபட்டு இரண்டு ஆட்டம் வெளியே இருந்தார். அதில் ஒன்று கேன்சஸ் ஸ்டேட்டோடு. கூடுதல் நேரத்தில் 33-30 என்று மூன்றே புள்ளி முன்னிலை, எதிரணி டச்டவுன் கோட்டுக்கு, அதாவது பந்தோடு கடந்தால் ஆறு புள்ளி தரும் கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறது, கடைசி முயற்சி. மூன்று புள்ளி தரும் ஃபீல்ட் கோல் உதைத்துச் சமன் செய்ய வழி இருந்தும் அவர்கள் வெற்றியையே குறிவைத்தார்கள். டெக்சாஸ் டிஃபென்ஸ் தடுத்தது. குவார்ட்டர்பேக் இல்லாத வாரங்களில் ஓர் அணியை டிஃபென்ஸ் எப்படித் தாங்கிப் பிடிக்கும் என்பதற்கு அந்த ஆட்டமும் ஒரு சாட்சி. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, டெக்சாஸ் உள்ளே. இனிக் கேள்வி ஒன்றுதான். கடைசி நாற்காலி அலபாமாவுக்கா, ஃப்ளோரிடா ஸ்டேட்டுக்கா?

அலபாமாவுக்காக வாதாடுவது எளிது. ஜார்ஜியாவை வீழ்த்தியதைவிடப் பெரிய வெற்றி அந்த வருடம் யாரிடமும் இல்லை. முதலிடத்தில் இருந்த அணி, இரண்டு வருடமாகத் தோல்வியே காணாத அணி, அதை நடுநிலை மைதானமான அட்லாண்டாவில் வைத்து ஜெயித்தார்கள். எல்எஸ்யூ, டென்னிசி, ஓல் மிஸ் எல்லோரையும் வென்றிருந்தார்கள். ஆடிய எதிரணிகளின் வலு என்று பார்த்தால் ஃப்ளோரிடா ஸ்டேட் கிட்டவே வர முடியாது. டிஃபென்ஸில் டாலஸ் டர்னர், டெரியன் ஆர்னல்டு, கூல்-எய்ட் மெக்கின்ஸ்ட்ரி என்று பின்னாளில் தொழில்முறை லீகுக்குப் போன ஆட்கள். பயிற்சியாளர் நிக் சேபன். அவருக்கு அதுதான் கடைசி சீசன் என்பது அப்போது வெளியே தெரியாது. சீசன் முடிந்த கையோடு 2024 ஜனவரி 10 அன்று ஓய்வை அறிவித்தார்.

ஆனால் அலபாமாவின் சீசனை முழுதாகப் பார்க்க வேண்டும். டெக்சாஸிடம் தோற்ற அடுத்த வாரம் சவுத் ஃப்ளோரிடாவோடு ஆடி 17-3 என்று திணறித்தான் ஜெயித்தார்கள். முதல் குவார்ட்டர்பேக் ஜேலன் மில்ரோவை அன்று வெளியே உட்கார வைத்திருந்தார்கள். ஆர்கன்சாவோடு 24-21. பிறகு நவம்பர் 25, ஆபர்னோடு அந்த ஆட்டம். அதற்கு முந்தைய வாரம்தான் ஆபர்ன், நியூ மெக்சிகோ ஸ்டேட்டிடம் சொந்த மைதானத்தில் 31-10 என்று தோற்றிருந்தது. அப்படிப்பட்ட ஆபர்னிடம் அலபாமா பின்தங்கி நிற்கிறது. நான்காவது முயற்சி, அதுதான் கடைசி. கோட்டுக்கு இன்னும் 31 கெஜம். இவ்வளவு தூரத்திலிருந்து கடைசி முயற்சியில் டச்டவுன் போடுவதென்பது நூற்றில் ஒரு முறைகூட நடக்காத காரியம். ஆபர்ன் இரண்டே பேரை முன்னால் அனுப்பிவிட்டு மற்றவர்களையெல்லாம் பின்னால் நிறுத்தியது. மில்ரோவுக்கு நின்று யோசிக்க நேரம் கிடைத்தது. இடது மூலையைப் பார்த்து வீசினார், ஐசேயா பாண்ட் பிடித்தார். மீதி 32 நொடி. 27-24.

அந்த வீச்சு எனக்கும் பிடிக்கும், பலமுறை திரும்பப் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தப் பந்து ஒரு முழம் தள்ளி விழுந்திருந்தால் அலபாமாவுக்கு இரண்டு தோல்வி, இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை. ஃப்ளோரிடா ஸ்டேட்டின் வெற்றிகள் அழகாக இல்லை என்று கமிட்டி பார்க்கிறபோது, அலபாமாவின் வெற்றிகளையும் அதே கண்ணாடியைப் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

இப்போது ஃப்ளோரிடா ஸ்டேட். இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

செப்டம்பர் 3 அன்று ஆர்லாண்டோவில் எல்எஸ்யூவை 45-24 என்று வென்று தொடங்கினார்கள். எல்எஸ்யூவின் குவார்ட்டர்பேக் ஜேடன் டேனியல்ஸ். அந்த வருடத்தின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் கோப்பையை வாங்கியவர் அவர்தான். அலபாமாவும் எல்எஸ்யூவோடு ஆடியது, சொந்த மைதானத்தில் 42-28 என்று ஜெயித்தது. இரண்டு அணிக்கும் பொதுவான எதிராளி இந்த ஒன்றுதான். ஃப்ளோரிடா ஸ்டேட் 21 புள்ளி வித்தியாசத்தில், அலபாமா 14 புள்ளி வித்தியாசத்தில். இதை வைத்தே தீர்ப்பு எழுதிவிட முடியாது. ஆனால் பொது எதிராளியோடு எப்படி ஆடினார்கள் என்று பார்ப்பது கமிட்டியின் சொந்த விதிகளில் ஒன்று.

பிறகு கிளெம்சனில் கூடுதல் நேரத்தில் 31-24. மயாமியோடு 27-20. நவம்பர் 18-இல் நார்த் அலபாமா என்ற சிறிய அணியோடு ஆட்டம். முதல் கால்பகுதியில் குவார்ட்டர்பேக் ஜோர்டன் டிராவிஸ் பந்தோடு ஓடியபோது கால் முறிந்தது. வண்டியில் வைத்து வெளியே கொண்டுபோனார்கள். அன்று தொடக்கத்தில் அணி 0-13 என்று பின்தங்கியிருந்தது. அதன் பிறகு எதிரணிக்கு ஒரு புள்ளிகூடக் கொடுக்காமல் 58-13 என்று முடித்தார்கள். அடுத்த வாரம் இரண்டாவது குவார்ட்டர்பேக் டேட் ரோடமேக்கரை வைத்து ஃப்ளோரிடாவை அவர்கள் மைதானத்திலேயே 24-15. அந்த ஆட்டத்தில் ரோடமேக்கருக்குத் தலையில் அடி. ஆக, டிசம்பர் 2 இரவு ஷார்லட்டில் தங்கள் கான்ஃபரன்ஸான ஏசிசியின் இறுதிக்கு வந்தபோது பந்து வீச இருந்தவர் மூன்றாவது ஆள், முதலாண்டு மாணவர் பிராக் கிளென்.

அந்த ஆட்டத்தைத்தான் எல்லோரும் ஃப்ளோரிடா ஸ்டேட்டுக்கு எதிரான சாட்சியாகக் காட்டுகிறார்கள். நான் அதையே ஆதரவான சாட்சியாகப் பார்க்கிறேன்.

கிளென் அன்று வீசியது 21 முறை, சேர்ந்தது 8. மொத்தம் 55 கெஜம். இடைவேளையில் ஸ்கோர் 3-0. பார்க்க அழகான ஆட்டம் இல்லைதான். ஆனால் எதிரே இருந்தது 10 வெற்றியோடு வந்த லூயிவில். அந்த அணிக்கு இரவு முழுவதும் ஒரு டச்டவுன்கூடக் கிடைக்கவில்லை. நடு வரிசையில் ஆடிய பிரேடன் ஃபிஸ்க் மட்டுமே லூயிவிலின் குவார்ட்டர்பேக்கை மூன்று முறை பந்து கையிலிருந்து கிளம்பும் முன்பே தரையில் சாய்த்தார். இதைத்தான் சாக் என்பார்கள். ஒரு டிஃபென்ஸ் வீரருக்கு ஓர் ஆட்டத்தில் ஒரு சாக் கிடைத்தாலே நல்ல நாள். ஃபிஸ்க் தன்னை மறித்து நிற்கும் ஆளின் நெஞ்சில் இரண்டு கையையும் ஊன்றித் தள்ளிக்கொண்டே பின்னால் போவார். மறிக்கிறவர் கால் ஊன்ற இடம் தேடுவதற்குள் குவார்ட்டர்பேக் நிற்கிற இடம் காலியாகியிருக்கும். வெளிப்பக்கத்திலிருந்து ஜேரட் வெர்ஸ் வருவார். இருவருமே சிறிய இடங்களிலிருந்து வந்தவர்கள். ஃபிஸ்க் முன்பு வெஸ்டர்ன் மிச்சிகனில் ஆடியவர், வெர்ஸ் ஆல்பனியில். மறுபுறம் பந்து கையில் இருந்தபோது குவார்ட்டர்பேக்கை நம்பாமல், லாரன்ஸ் டோஃபிலியிடமே நேராகப் பந்தைக் கொடுத்தார்கள். அவர் ஓடிய 73 கெஜ ஓட்டம்தான் அந்த இரவின் ஒரே டச்டவுனுக்கு வழி திறந்தது. 16-6.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த விளையாட்டில் பந்து தங்கள் கையில் இருக்கும்போது ஆடுகிற 11 பேர் வேறு, எதிரணியைத் தடுக்க இறங்குகிற 11 பேர் வேறு. டிராவிஸின் கால் முறிந்ததால் வெர்ஸின் வேகம் குறையவில்லை. ஃபிஸ்கின் தோள் மெலியவில்லை. கமிட்டியின் விதியில், முக்கிய வீரர் ஆட முடியாமல் போனால் அதையும் கணக்கில் எடுக்கலாம் என்று ஒரு வரி இருக்கிறது. அந்த வரியைத்தான் பிடித்தார்கள். முதல் 11 வாரம் பார்த்த அணி இப்போது இல்லை என்று கமிட்டித் தலைவர் பூ காரிகன் விளக்கம் சொன்னார். விதிப்படி அதில் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் முறிந்த ஒரு காலை எண்ணியவர்கள், முறியாமல் நின்ற 11 பேரை எண்ணவில்லை. டிராவிஸ் விழுந்த பிறகு நடந்த இரண்டரை ஆட்டத்துக்கும் மேலான நேரத்தில் அந்த 11 பேர் எப்படி ஆடினார்கள் என்பது யூகம் இல்லை, ஸ்கோர் பலகையில் எழுதி வைத்தது. குவார்ட்டர்பேக் இல்லாமல் இந்த அணி பிளேஆஃபில் என்ன செய்யும் என்பதுதான் யூகம். நடந்ததை ஒரு தட்டிலும் நடக்கப்போவதாக நினைப்பதை இன்னொரு தட்டிலும் வைத்து, கமிட்டி இரண்டாவது தட்டை அழுத்திவிட்டது.

டிராவிஸ் அன்றே ஒரு பதிவு போட்டார். தன் கால் சீசனின் ஆரம்பத்திலேயே முறிந்திருக்கலாம், அப்போதாவது இந்த அணி ஒரு குவார்ட்டர்பேக்கைவிடப் பெரியது என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கும் என்ற பொருளில் எழுதியிருந்தார். 23 வயதுப் பையன், காலில் கட்டோடு, தன் அணியிடம் மன்னிப்புக் கேட்கிறான். அதைப் படித்தபோது எனக்கு மனசு தாங்கவில்லை.

எதிர்த் தரப்பு உடனே அயோவாவைக் கொண்டுவரும். டிஃபென்ஸ் மட்டும் போதுமென்றால் அயோவா கோப்பை வாங்கியிருக்க வேண்டுமே என்பார்கள். நல்ல கேள்வி. அதே 2023-இல் அயோவாவின் டிஃபென்ஸ் நாட்டின் தலைசிறந்தவற்றில் ஒன்று, ஆனால் பந்து கைக்கு வந்தால் ஒன்றும் ஓடாது. பென் ஸ்டேட்டிடம் 31-0, மிச்சிகனிடம் 26-0, டென்னிசியிடம் 35-0. சரி, ஆனால் அயோவாவுக்கு இல்லாதது ஃப்ளோரிடா ஸ்டேட்டிடம் இருந்தது. ஓட டோஃபிலியும் டிரே பென்சனும், பந்தைப் பிடிக்கக் கியான் கோல்மனும் இருந்தார்கள். இன்னொன்று, தலையில் அடிபட்ட ரோடமேக்கருக்கு ஜனவரி 1 வரை நான்கு வாரம் இருந்தது. முதலாண்டுப் பையன் ஆடிய ஓர் இரவை வைத்து அணியின் அஃபென்ஸ் (பந்து கையில் இருக்கும்போது ஆடுகிற தரப்பு) முழுவதற்கும் கணக்கு முடித்துவிட்டார்கள்.

2014-ஐயும் பார்க்க வேண்டும், ஏனென்றால் இதே கமிட்டி இதே கேள்வியை அப்போது வேறு மாதிரி எதிர்கொண்டது. ஓஹாயோ ஸ்டேட்டின் முதல் குவார்ட்டர்பேக் சீசனுக்கு முன்பே அடிபட்டுப் போனார், இரண்டாமவர் ஜே.டி. பேரட்டுக்குக் கடைசி லீக் ஆட்டத்தில் கணுக்கால் முறிந்தது. மூன்றாவது ஆள் கார்டேல் ஜோன்ஸ் கான்ஃபரன்ஸ் இறுதியில் இறங்கி விஸ்கான்சினை 59-0 என்று முடித்தார். கமிட்டி அவர்களை நான்காவதாக உள்ளே எடுத்தது. அவர்கள் முதலிடத்தில் இருந்த அலபாமாவை 42-35, பிறகு ஆரெகனை 42-20 என்று வென்று கோப்பையே வாங்கினார்கள். 59-0 வேறு, 16-6 வேறு என்று சொல்வார்கள். வேறுதான். ஆனால் அந்த 59-இல் மட்டும் கண் வைக்காமல் அந்த 0-வையும் பாருங்கள். அன்றும் டிஃபென்ஸ் ஒரு புள்ளி கொடுக்கவில்லை. மூன்றாவது குவார்ட்டர்பேக் பயமில்லாமல் வீச அதுவும் ஒரு காரணம்.

சதி என்று சொல்கிறவர்களோடு நான் சேரவில்லை. பிளேஆஃபை அப்போது ஒளிபரப்பியது ஈஎஸ்பிஎன், எஸ்இசி இல்லாத பிளேஆஃப் அதுவரை நடந்ததே இல்லை, இரண்டும் உண்மை. ஆனால் கமிட்டித் தலைவர் காரிகன், ஃப்ளோரிடா ஸ்டேட் ஆடுகிற அதே ஏசிசியில் இருக்கும் என்.சி. ஸ்டேட்டின் விளையாட்டு இயக்குநராக அப்போது இருந்தவர். அந்தப் 13 பேரும் நேர்மையாக யோசித்துத்தான் முடிவெடுத்தார்கள் என்று நம்புகிறேன். அவர்கள் கேட்டுக்கொண்ட கேள்விதான் தவறு. "இன்றைக்கு மோதினால் யார் ஜெயிப்பார்" என்று கேட்டால் அலபாமா. "யார் தகுதியைச் சம்பாதித்தார்" என்று கேட்டால் ஃப்ளோரிடா ஸ்டேட். முதல் கேள்வியே போதுமென்றால் மூன்று மாதம் மைதானத்தில் ஆட வேண்டியதே இல்லை.

பின்னால் நடந்ததை வைத்துக் கமிட்டி செய்ததே சரி என்று வாதாடுகிறவர்கள் 63-3 என்ற எண்ணை எடுத்து நீட்டுவார்கள். டிசம்பர் 30, பிளேஆஃபுக்கு வெளியே நடந்த ஆரஞ்ச் பவுல் ஆட்டம், ஜார்ஜியாவிடம் ஃப்ளோரிடா ஸ்டேட் வாங்கிய அடி அது. அன்று அந்த அணியில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் ஆடவில்லை. கோப்பை இல்லையென்றான பிறகு வெர்ஸ், கோல்மன், பென்சன் எல்லோரும், தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களை எடுக்கும் தேர்வுக்குத் தயாராகப் போய்விட்டார்கள். ரோடமேக்கரும் வேறு கல்லூரி பார்த்துப் புறப்பட்டுவிட்டார். அன்று மைதானத்தில் நின்றது டிசம்பர் 2 அன்று லூயிவிலை முடக்கிய அணியே இல்லை. அதே மாதிரி, அலபாமா பிளேஆஃப் அரையிறுதியான ரோஸ் பவுலில் மிச்சிகனோடு கூடுதல் நேரம் வரை போய் 27-20 என்று தோற்றதை வைத்து அவர்களுக்கு அந்த இடத்துக்குத் தகுதியில்லை என்றும் நான் சொல்ல மாட்டேன். நன்றாகவே ஆடினார்கள்.

டிஃபென்ஸ் வீரர்களின் தரத்தில் இந்த அணிகளுக்குள் எவ்வளவு வித்தியாசம் என்று தெரிய வேண்டுமென்றால், 2024 ஏப்ரலில் டெட்ராய்ட்டில் நடந்த தொழில்முறைத் தேர்வைப் பாருங்கள். 16-வதாகப் போனவர் டெக்சாஸின் பைரன் மர்ஃபி. 17-வது அலபாமாவின் டாலஸ் டர்னர். 18-வது ஜார்ஜியாவின் அமேரியஸ் மிம்ஸ், இவர் மட்டும் அஃபென்ஸ் வரிசைக்காரர். 19-வது ஃப்ளோரிடா ஸ்டேட்டின் ஜேரட் வெர்ஸ். கமிட்டி மேஜையில் கிடந்த நான்கு பெயர்களும் அடுத்தடுத்து. வெர்ஸை எடுத்த லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணியே இரண்டாவது சுற்றில் ஃபிஸ்கையும் எடுத்தது. அந்த வருடத்தின் சிறந்த புதுமுக டிஃபென்ஸ் வீரர் விருது வெர்ஸுக்குக் கிடைத்தது. கல்லூரியில் சேர்ந்து ஆடிய இருவரும் தொழில்முறை லீகிலும் ஒரே வரிசையில் நின்று அதே வேலையைச் செய்தார்கள்.

2024 முதல் பிளேஆஃப் 12 அணிகளுக்கு விரிந்துவிட்டது. அந்த வருடம் மேல்வரிசையில் இருந்த ஐந்து கான்ஃபரன்ஸ் சாம்பியன்களுக்கு இடம் உறுதியாக இருந்தது. 2023-இல் இந்த விதி இருந்திருந்தால் யாரும் யாரையும் தள்ள வேண்டியிருந்திருக்காது. சண்டை இப்போது 12-வது இடத்துக்கும் 13-வது இடத்துக்கும் நடுவில் போய்விட்டது. ஆனால் அங்கே தோற்கிறவர் குறைந்தது இரண்டு மூன்று ஆட்டம் தோற்ற அணியாக இருப்பார். அந்த வலியையும் 13-0 அணியின் வலியையும் ஒன்றாக வைக்க முடியாது.

ஆக, அன்று அந்த மேஜையில் எனக்கு ஒரு சீட்டு கொடுத்திருந்தால் இப்படித்தான் எழுதியிருப்பேன்: 1 மிச்சிகன், 2 வாஷிங்டன், 3 டெக்சாஸ், 4 ஃப்ளோரிடா ஸ்டேட். வாஷிங்டனும் டெக்சாஸும் ஆடிய மற்ற அரையிறுதி, அந்த அருமையான சுகர் பவுல், 37-31, அப்படியே இருந்திருக்கும். ரோஸ் பவுலில் மட்டும் அலபாமாவுக்குப் பதில் ஃப்ளோரிடா ஸ்டேட். மிச்சிகனுக்கும் ஒரு கால் முறிந்திருந்தது என்பது பலருக்கு மறந்துபோயிருக்கும். ஓஹாயோ ஸ்டேட் ஆட்டத்தில் அவர்களுடைய முன்வரிசைத் தூண் ஸாக் ஸின்டர் கால் முறிந்து வெளியே போனார். அதற்கு அடுத்த முயற்சியிலேயே அவர்களுடைய பிளேக் கோரம் 22 கெஜம் ஓடி டச்டவுன் போட்டார். ஸின்டர் இல்லாத மிச்சிகன் பழைய மிச்சிகன் இல்லை என்று கமிட்டி தரமிறக்கவில்லை, அது சரிதான். அந்த ஸின்டர் நின்ற இடத்துக்கு நேர் எதிரே பாசடீனாவின் ஜனவரி வெயிலில் ஃபிஸ்க் குனிந்து கையூன்றி நின்றிருப்பார், அவருக்கு வெளிப்பக்கம் வெர்ஸ். எதிர்ப்புறம், அந்த வருடம் ஆட்டத்துக்குச் சராசரியாக 10 புள்ளிக்குச் சற்று மேல் மட்டுமே கொடுத்த, நாட்டிலேயே கஞ்சமான மிச்சிகன் டிஃபென்ஸ். அந்த ஆட்டம் 13-10 என்று முடிந்திருந்தாலும் நான் ஒரு நொடிகூடக் கண்ணை எடுத்திருக்க மாட்டேன்.